உடைந்த மனிதர்களும் உடைந்த மனிதனும்: அதிகற்பனை நாவல் தொலைக்காட்சித் தொடராகும்போது

நாவலொன்று திரைப்படமாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ மாற்றப்படும்பொழுது வழக்கமாக எழுப்பப்படும் வினா, அது மூலத்துக்கு விசுவாசமாக அமைந்துள்ளதா என்பதாகும். நூலைப் படித்தவர்கள் 'கெடுத்துவிட்டார்கள்' என்பர். படிக்காதவர்கள், தொடர் தனியொரு கலைப்படைப்பாதலின் அதனை நூலோடு ஒப்பிடலாகாது என்பர். மேலோட்டமாக நோக்குமிடத்து இவை எதிரெதிரான கூற்றுக்களாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. முதலாவது மூலநூலைப் புனிதப் பொருளாக்குகின்றது. இரண்டாவது, புதிய படைப்பினை அதன் உற்பத்திச் சூழலிலிருந்து பிரித்தெடுத்துவிடுகின்றது. எவை விடுபட்டன, எவை சேர்க்கப்பட்டன, விடுபட்டவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கு காணப்படுகின்றதா, காணப்படின் அவ்வொழுங்கினை நிர்ணயித்த சக்திகள் யாவை என்னும் வினாக்களே திறனாய்வாளனுக்கு உரியவை.

இவ்வினாக்களை ஒரேயோர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐக்கிய அமெரிக்க எழுத்தாளரான ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சோங் ஒஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் நாவல் வரிசையில் 1996, 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் ஐந்து நூல்கள் வெளிவந்தன. இவற்றைத் தழுவி டேவிட் பெனியோஃப், டி.பி. வைஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய 'கேம் ஒஃப் துரோன்ஸ்' என்னும் தொடரினை எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்பிரல் தொடக்கம் 2019 மே வரை எட்டுப் பருவங்களில் 73 அங்கங்களாக ஒளிபரப்பியது. வெஸ்டரோஸ் என்னும் கற்பனைக் கண்டத்தில், அரசுரிமைக்காகப் பெருங்குலங்கள் தம்முள் நடத்தும் போரே இரண்டிலும் கதைப்பொருள்.

அதிகற்பனை இலக்கியத்தை ஒரு மார்க்சியவாதி ஏன் பொருட்படுத்தவேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். யதார்த்தவாதத்தைப் பதாகையாகக் கொண்டு வளர்ந்த எமது முற்போக்குத் திறனாய்வு மரபில், டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் கதைகள் தப்பித்தல் இலக்கியம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டன. இந்நிலை எமக்கு மாத்திரம் உரியதன்று. விஞ்ஞானப் புனைகதையை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த டார்கோ சூவின் 1979 இல் வெளியிட்ட நூலில், அதிகற்பனையை அறிவுக்குப் புறம்பானதெனத் தள்ளிவைத்தார். 2002 இல் 'ஹிஸ்டோரிக்கல் மெற்றீரியலிசம்' சஞ்சிகை மார்க்சியமும் அதிகற்பனையும் என்னும் பொருளில் ஓர் ஆய்வரங்கினை வெளியிட்டபொழுது, நாவலாசிரியரும் இடதுசாரியுமான சைனா மியேவில் இக்கருத்தினைக் கேள்விக்குட்படுத்தினார். யானும் நெடுங்காலம் சூவினின் பக்கமே நின்றவன். மார்ட்டினின் நாவல்களைப் படிக்க நேர்ந்தபின்னரே, டிராகன் இருப்பதனால் மட்டும் ஒரு நாவல் உலகை விட்டு ஓடிவிடுவதில்லை, டிராகன் இல்லாத பல நாவல்கள் உலகை விட்டு வெகுதூரம் ஓடியுள்ளன என்பது புலனாயிற்று.

மார்ட்டின் 1948 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் பயோன் நகரில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1980 களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எழுதியவர். அவரது எழுத்துப்பிரதிகள் பாத்திரங்களாலும் போர்களாலும் நிரம்பிச் செலவுமிக்கனவாக இருந்தமையால் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டன. செலவுக்கணக்கு என்னும் தளையற்ற வடிவத்தை நாடியே அவர் நாவலுக்குத் திரும்பினார். தொலைக்காட்சியில் எடுக்க இயலாதது என்ற எண்ணத்துடன் எழுதப்பட்ட நாவலே பின்னர் தொலைக்காட்சியின் மிகப்பெரும் தொடராயிற்று. இம்முரண், பின்னர் கூறப்படுவனவற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

நாவல்களின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, அப்பாத்திரம் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் மட்டுமே கூறுகின்றது. முதல் நூலில் எட்டுப் பாத்திரங்கள் இவ்வாறு நோக்குநர்களாக அமைகின்றன. அவர்களுட் பெரும்பாலோர் பிரபு குலத்தவர்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயின் அவ்வெட்டுப் பேருக்கும் முன்னதாக, முகப்பு அத்தியாயத்தில் நாம் வில் என்பவனது கண்களாலேயே இவ்வுலகை முதன்முதலிற் காண்கின்றோம். பிரபுவின் காட்டில் மானைத் திருட்டுத்தனமாக வேட்டையாடிப் பிடிபட்டு, கையை இழப்பதா, வடக்கின் பனிச்சுவரிற் காலமெல்லாம் காவல் புரிவதா என்ற தெரிவில் இரண்டாவதைத் தேர்ந்தவன் அவன். நிலமானியச் சொத்துரிமைச் சட்டம் எவ்வாறு ஒரு மனிதனைப் போர்வீரனாக்குகின்றது என்பதுடனேயே நாவல் தொடங்குகின்றது. தொலைக்காட்சியில் அதே காட்சி இருக்கின்றது. பனி, இருள், பிணம், அச்சம் யாவும் உள. மான் இல்லை.

ஜோர்ஜ் லூக்காச் 1936-37 இல் எழுதிய 'வரலாற்று நாவல்' என்னும் ஆய்வில், ஹெகலைப் பின்பற்றி, நாவலையும் நாடகத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். நாடகம் ஒரு மோதலின் உச்சத்தைத் திரட்டிக் காட்டுவது; அதன் முழுமை இயக்கத்தின் முழுமை. நாவலோ பொருள்களின் முழுமையை வேண்டிநிற்பது. கருவிகள், உணவு, சடங்குகள், வீடுகள், தொழில்கள் ஆகியனவற்றினூடாக மனித உறவுகள் எவ்வாறு அமைகின்றன என்பதனை அது காட்டியாக வேண்டும். இவ்வேறுபாட்டினை மனங்கொண்டு நூலையும் தொடரையும் அருகருகே வைத்து நோக்கினால், விடுபட்டவை தற்செயலாக விடுபட்டனவல்ல என்பது தெளிவாகும்.

இரண்டாம் நாவலில் தலைநகரைக் காக்கும் பொறுப்பினை ஏற்கும் டிரியன் என்னும் குள்ளன், நகரத்துக் கொல்லர்களையெல்லாம் அழைத்து, பிரபுக்களுக்கான அலங்காரக் கவசங்களையும் ஏனைய வேலைகளையும் நிறுத்திவிட்டுச் சங்கிலி வளையங்களை வார்க்குமாறு பணிக்கின்றான். ஏன் என்பது அவர்களுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. நாவல் நெடுகிலும் உலைகள் எரிகின்றன. இறுதியிற் பகைவரின் கப்பற்படை ஆற்றுக்குள் நுழைந்ததும், அவ்வளையங்களாலான பெருஞ்சங்கிலி ஆற்றின் முகத்துவாரத்தில் உயர்த்தப்பட, தப்ப வழியின்றிக் கப்பல்கள் நெருப்பில் அகப்படுகின்றன. போரின் வெற்றி பல நூறு கைகளின் உழைப்பில் தங்கியுள்ளது என்பது கதையமைப்பாகவே அங்கு வடிவம் பெறுகின்றது. 2012 இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தின் 'பிளக்வோட்டர்' அங்கத்திற் சங்கிலி இல்லை, கொல்லர்களும் இல்லை. தீத்திரவம் நிரப்பிய ஒரு கப்பல், ஒரு வில்வீரனின் ஓர் அம்பு, கண்ணைப் பறிக்கும் பச்சை வெடிப்பு ஆகியவை மட்டுமே உள. உழைப்பு மறைந்து விளைவின் ஒளி மட்டும் எஞ்சியது. மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிக் கூறியதனை இதைவிட எளிதாக விளக்கவல்ல உதாரணம் கிடைப்பதரிது.

இவ்வங்கத்தின் எழுத்துப்பிரதியை எழுதியவர் மார்ட்டினேயாவார். முதல் நான்கு பருவங்களிலும் பருவத்துக்கு ஒன்றாக நான்கு அங்கங்களை அவர் எழுதினார். ஆதலின் தொடரின் குறைகளுக்கெல்லாம் பெனியோஃப், வைஸ் ஆகிய இருவரின் இரசனையின்மையே காரணம் என்ற இரசிகர் வாதம் நிலைபெறாது. தான் நூலில் எழுதிய சங்கிலியைத் தானே தொலைக்காட்சியில் விட்டுவிட நேர்ந்த எழுத்தாளரின் நிலை, தனிமனித விருப்பு வெறுப்புகளுக்கு அப்பாலுள்ள ஒரு நிர்ப்பந்தத்தைச் சுட்டுகின்றது.

அதே பருவத்தில் மற்றோர் உதாரணம். பிரபுமகளான ஆர்யா என்னும் சிறுமி, குலப்பெயரை மறைத்து, ஹாரன்ஹால் என்னும் பாழடைந்த பெருங்கோட்டையிற் பணிப்பெண்ணாகின்றாள். நாவலில் அவள் வீஸ் என்னும் கீழ்நிலை மேற்பார்வையாளனின் அடியுதைக்கு ஆளாகிப் படிகளைத் தேய்த்துக் கழுவுகின்றாள். சமையற்கூடம், கொல்லுலை, பண்டசாலை ஆகியவற்றினூடாகக் கோட்டையின் அடித்தளத்தை நாம் காண்கின்றோம். கோட்டை கைமாறி அவளது சொந்தத் தரப்பினரே ஆட்சிக்கு வந்தபின்னர், முந்திய எசமானர்களுக்குப் பணிசெய்த குற்றத்துக்காகப் பணியாளர்களே தண்டிக்கப்படுகின்றனர். எத்தரப்பு வென்றாலும் படி தேய்ப்பவளின் நிலை மாறுவதில்லை என்பதை ஒரு பிரபுமகள் தன் முழங்காலால் அறிந்துகொள்வதே அப்பகுதியின் சாரம். தொலைக்காட்சியில் அவளைப் பகைக்குலத் தலைவனான டைவின் பிரபு தனது மதுப்பணிப்பெண்ணாக நியமித்துக்கொள்கின்றான். இருவருக்குமிடையே நிகழும் உரையாடல்கள் நூலில் இல்லாதவை. தொடரின் மிகச் சிறந்த காட்சிகளுள் அவை இடம்பெறும் என்பதை மறுக்கமுடியாது. நடிப்பும் உரையாடலும் அத்துணைச் செம்மையானவை. ஆயினும் நிகழ்ந்தது யாது? சமையற்கூடத்திலிருந்து கதை பிரபுவின் மேசைக்கு ஏறிவிட்டது. ஆர்யா இப்பொழுது கற்றுக்கொள்வது அடிமைப்பணியை அன்று, ஆட்சிக்கலையை.

நாவல் வரிசையின் நான்காம் நூலான 'எ ஃபீஸ்ட் ஃபோர் குரோஸ்' கதையோட்டம் குன்றியதென்று வாசகர் பலராற் குறைகூறப்பட்டது. எனது மதிப்பீட்டில் அதுவே இவ்வரிசையின் மிக முதிர்ந்த நூல். பெரும் போர்கள் முடிந்துவிட்டன. அழிந்த நிலத்தின் மீது மனிதர் நடமாடுகின்றனர். அந்நிலத்தினூடாகச் செல்லும் பிரையன் என்னும் வீராங்கனையின் குழுவில் மெரிபோல்ட் என்னும் எழுத்தறிவற்ற துறவி சேர்ந்துகொள்கின்றார். வெறுங்காலுடன் ஊரூராகச் சென்று ஏழைகளுக்கு உணவு சுமப்பவர் அவர். கொள்ளையருக்கும் உடைந்த மனிதருக்கும் உள்ள வேறுபாட்டினை அவர் விளக்குகின்றார். பிரபுவின் கட்டளைக்குப் பணிந்து, வீட்டைவிட்டு ஒருநாளும் நீங்கியிராத உழவர்கள், கிடைத்ததை ஆயுதமாக ஏந்தி, உறவினரோடும் அயலவரோடும் போருக்குப் புறப்படுகின்றனர். உற்றார் மடிய, பசியும் நோயும் வாட்ட, பிணங்களின் காலணிகளைக் கழற்றி அணிந்து, யாருக்காகப் போரிடுகின்றோம் என்பதே தெரியாத நிலையில் ஒருநாள் அவர்களுள் ஏதோ உடைகின்றது. அவர்கள் ஓடிப்போகின்றனர், ஓடிப்போனவர்கள் உயிர்வாழத் திருடுகின்றனர், திருடியவர்களைப் பிரபுக்கள் தூக்கிலிடுகின்றனர். பேச்சின் இறுதியிலேயே, இளம்பராயத்தில் தன் சகோதரருடன் போருக்குச் சென்றவர் அத்துறவி என்பதை அறிகின்றோம். தன்னைப்பற்றி அவர் கூறுவது மிகக் கொஞ்சம். அவர் பேச்சின் எழுவாய் எப்பொழுதும் பன்மையே.

2016 இல் ஒளிபரப்பான ஆறாம் பருவத்தின் ஏழாவது அங்கம் இப்பகுதியை ஆதாரமாகக் கொண்டது. அதன் தலைப்பு 'த புரோக்கன் மான்': உடைந்த மனிதன், ஒருமையில். மெரிபோல்ட்டும் மற்றொரு துறவியும் இணைக்கப்பட்டு ரே என்னும் புதிய பாத்திரம் உருவாக்கப்படுகின்றது. இயன் மக்ஷேன் இப்பாத்திரத்தை உயிர்ப்புடன் நடித்துள்ளார். ரேயும் முன்னாட் போர்வீரரே. ஆனால் அவர் கூறுவது ஒரு வாக்குமூலம். கட்டளைக்குப் பணிந்து தான் ஒரு சிறுவனைக் கொன்றமை, தன் கோழைத்தனம், தன் வெட்கம். நிலமானிய ஆட்சேர்ப்பு முறை, பசி, பிரபுவுக்கும் உழவனுக்கும் உள்ள உறவு ஆகிய யாவும் ஒரு மனிதனின் மனச்சாட்சிக்குள் ஒடுங்கிவிடுகின்றன. பின்னர் அவரும் அவரைச் சூழ்ந்த சிறு சமூகத்தினரும் கொல்லப்பட, தொடரின் முக்கிய பாத்திரமான சாண்டர் கோடரியை எடுத்துப் பழிவாங்கப் புறப்படுகின்றான். ஆக, அம்மக்கள் தோன்றியது ஒரு வீரனுக்குப் பழிவாங்கும் நோக்கத்தை அளித்துவிட்டு மடிவதற்கே. பன்மையிலிருந்து ஒருமைக்கு நிகழ்ந்த இவ்விலக்கண மாற்றத்திலேயே நாவலுக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு முழுமையாக அடங்கியுள்ளது என்பது எனது கருத்து.

இவ்வொழுங்கு பிறவிடங்களிலும் தொடர்வதைக் காணலாம். வடக்கின் இளம் அரசன் ரொப்பின் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். நாவலில் அவன் மணம் புரிவது, பகைக்குலத்தின் கீழுள்ள வறிய பிரபு குடும்பத்துப் பெண்ணான ஜெய்னை. குலப்பெருமை பழையது, கையில் பொருளில்லை. தாயோ வாசனைத்திரவிய வணிகர் வழிவந்தவள். வீழ்ச்சியுறும் பிரபுத்துவமும் மேலெழும் வணிகமும் கலந்த குடும்பம் அது. காயமுற்ற நிலையில் அவளோடு கூடிய ரொப், அவளது மானத்தைக் காக்கும்பொருட்டு, முன்னர் அளித்த திருமண வாக்குறுதியை மீறுகின்றான். ஒரே நிலமானிய அறத்தின் இரு விதிகள் ஒன்றையொன்று மோதி அவனை அழிக்கின்றன. தொடரிலோ ஜெய்ன் இல்லை. அவளுக்குப் பதிலாகப் போர்க்களத்திற் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்யும் தலீசா என்னும் அயல்நாட்டு நங்கை வருகின்றாள். சுதந்திரமாகப் பேசுகின்றாள், அரசன் காதலுறுகின்றான். குலங்களுக்கிடையிலான பொருளியல் ஒப்பந்தமாகிய திருமணம், தனிமனிதரிருவரின் காதலாக மாறிவிடுகின்றது. பூர்ஷ்வாக் காதலை நிலமானிய உடையில் நிறுத்துவது தொலைக்காட்சிக்குப் புதிதன்று என்பதால் இதனை நீட்டாமல் விடலாம்.

'குருவிகள்' என அழைக்கப்படும் சமய இயக்கத்தின் நிலை இன்னும் நுணுக்கமானது. நாவலிற் போரினால் அழிந்த கிராமங்களிலிருந்து ஏழைகள், கொல்லப்பட்ட துறவிகளின் எலும்புகளைச் சுமந்துகொண்டு, தலைநகரை நோக்கி நடந்து வருகின்றனர். பிரையனின் குழு அவர்களை வீதியிற் சந்திக்கின்றது. அவர்கள் தலைநகரின் பெருங்கோவிலைச் சூழ்ந்து நின்று தமக்குரிய ஒருவரைத் தலைமைக் குருவாக ஏற்கச் செய்கின்றனர். அரசியார் செர்சி, அரசு திருச்சபைக்குச் செலுத்தவேண்டிய ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பொற்காசுக் கடனைத் தள்ளுபடி செய்வதற்குக் கைம்மாறாக, அவர்களுக்கு ஆயுதம் தாங்கும் உரிமையை மீண்டும் அளிக்கின்றாள். ஆளும் வர்க்கம் தனது நிதி நெருக்கடியைத் தீர்க்க மக்கள் இயக்கமொன்றை ஆயுதபாணியாக்கி, பின்னர் அதனாலேயே சிறைப்படுகின்றது. ஐரோப்பிய வரலாற்றில் விவசாயிகளின் எழுச்சிகள் சமய உடையில் நிகழ்ந்தமை பற்றி ஏங்கல்ஸ் எழுதியவற்றைப் படித்தவர்க்கு இதன் பொருத்தம் விளங்கும்.

தொடரிலும் வெறுங்காற் குரு இருக்கின்றார், ஏழைகளுக்கு உணவளிக்கின்றார், ஓரிடத்தில், செல்வந்தப் பெருமாட்டி ஒருத்தியிடம் சிலருக்கும் பலருக்கும் உள்ள வேறுபாட்டினை அச்சமூட்டும் அமைதியுடன் எடுத்துரைக்கின்றார். அக்காட்சிக்கு உரிய பாராட்டினை அளிக்கவேண்டும். ஆனால் அந்தப் 'பலர்' எங்கே? அவர்கள் நடந்து வந்த வீதி காட்டப்படுவதில்லை. எலும்புகள் இல்லை. கடனுக்கும் ஆயுதத்துக்குமான பேரம் இல்லை. எஞ்சியிருப்பது, பிறரின் படுக்கையறைகளைக் கண்காணிக்கும் வெறியர் கூட்டமேயாகும். 2016 இல் ஆறாம் பருவத்தின் இறுதியங்கத்தில் செர்சி பெருங்கோவிலைத் தகர்த்து, குருவையும் அவரைச் சார்ந்தோரையும் ஒருசேர அழிக்கின்றாள். மறுநாள் நகரம் அமைதியாக இருக்கின்றது. ஒரு கல்லும் எறியப்படவில்லை. இரண்டாம் பருவத்தில், பாணின்றிப் பட்டினி கிடந்த இதே நகரத்து மக்கள் அரசனின் ஊர்வலத்தைத் தாக்கியமையைக் காட்டிய தொடர் இது என்பதை நினைவுகூரவேண்டும். ஒரு நகரத்தின் மக்கள் ஆறாம் பருவத்துக்குள் எவ்வாறோ காணாமற் போய்விட்டனர். கடனும் அவ்வாறே. முதல் நூலில் அறுபது இலட்சமெனக் கணக்கிடப்பட்டு அரசின் கழுத்தை நெரித்த கடன், 2017 இல் வெளியான ஏழாம் பருவத்தில் ஒரு குலத்தின் களஞ்சியத்தைக் கொள்ளையிட்டதும் தீர்ந்துபோகின்றது.

உணவைப் பற்றி ஒரு சொல். பல்லாண்டு நீளும் மாரிக்காலத்தின் அச்சமே இவ்வுலகின் அடிப்படை. ஐந்தாம் நாவலில் ஜோன் ஸ்னோ, பனிச்சுவரின் களஞ்சியங்களுக்குள் இறங்கி, எத்தனை வாய்களுக்கு எத்தனை மாதம் உணவு உண்டு எனக் கணக்கிட்டு, கடல்கடந்த வங்கியொன்றின் பிரதிநிதியிடம் கடன் பெறுகின்றான். தொடரில் ஜோன் பெறுவது கடனன்று, வாள்.

அடிமை ஒழிப்பினைக் குறிக்கோளாகக் கொண்ட டெனேரிஸ் அரசியின் கதையிலேயே இம்மாற்றத்தின் விளைவு மிகப் பாரதூரமானது. நாவலின் ஐந்தாம் நூலில் அவளது விடுதலை ஆணை பொருளாதார அடித்தளத்தின் மீது மோதிச் சிதறுகின்றது. ஒலிவ் தோப்புகள் எரிக்கப்பட்டுள்ளன, வளர நெடுங்காலமாகும். விடுவித்துவிட்டு வந்த நகரங்களுள் ஒன்று கொள்ளைநோயாலும் பஞ்சத்தாலும் அழிகின்றது. அதன் அகதிகள் அவள் மதிலருகே வந்து மடிகின்றனர். மற்றொன்று மீண்டும் அடிமை வணிகத்தைத் தொடங்குகின்றது. சமாதானத்தின் விலையாகப் பழைய எசமானர் குலத்தவன் ஒருவனை அவள் மணக்கின்றாள். மேலிருந்து அளிக்கப்படும் விடுதலையின் எல்லைகளை இவ்வளவு பொறுமையாக ஆராய்ந்த வெகுசன நாவல்கள் வெகுசிலவே. தொடர் இவற்றுட் சிலவற்றைத் தொட்டுச் செல்கின்றது. தன்னை மீண்டும் விற்றுக்கொள்ள அனுமதி கோரும் முதியவரின் காட்சி அதற்குப் பெருமை சேர்ப்பது. எனினும் 2013 இல் வந்த மூன்றாம் பருவத்தின் இறுதிக்காட்சியை மறக்க இயலவில்லை: கரிய, மாநிற மக்களின் கடலொன்று வெண்ணிறப் பெண்ணைத் தலைக்குமேல் தூக்கி 'அம்மா' என்று அழைக்கின்றது. நாவல்களில் அடிமைமுறை நிறத்தின் அடிப்படையில் அமைந்ததன்று. காட்சி மொரோக்கோவிற் படமாக்கப்பட்டது. துணைநடிகர்கள் அந்நாட்டு மக்கள். யாரும் திட்டமிடாமலே, படப்பிடிப்பின் சிக்கனம் ஒரு குடியேற்றவாதப் படிமத்தை உற்பத்தி செய்துவிட்டது. மூன்றாம் உலகப் பார்வையாளனுக்கு அக்காட்சி அளிக்கும் கூச்சம் நூலிலிருந்து பெறப்பட்டதன்று.

இதே அரசி 2019 இல் எட்டாம் பருவத்தின் 'த பெல்ஸ்' அங்கத்தில், சரணடைந்த தலைநகரை டிராகனாற் கொளுத்துகின்றாள். அவளது ஆட்சியின் முரண்பாடுகளிலிருந்து இவ்வழிவினை வளர்த்தெடுத்திருப்பின் அது பெருந்துயர நாடகமாகியிருக்கும். அம்முரண்பாடுகளை முன்னரே கைவிட்டுவிட்ட தொடருக்கு எஞ்சியவை இரண்டே: அவளது தனிப்பட்ட இழப்புகள், அவள் குலத்தின் இரத்தத்திலே ஓடும் பைத்தியம். வரலாற்றுக்குப் பதிலாகப் பரம்பரை. கொடுமை யாதெனில், பல பருவங்களாக மறந்திருந்த தெருக்களுக்குக் கமெரா இவ்வங்கத்திலேயே மீண்டும் இறங்குகின்றது. சாம்பல் படிந்த ஒரு தாயையும் மகளையும் நாம் அணுக்கமாகக் காண்கின்றோம், அவர்கள் எரிந்துபோவதற்காக.

இவற்றுக்கெல்லாம் காரணம் தொலைக்காட்சி என்னும் சாதனத்தின் இயல்பே எனக் கூறலாமா? அகமனத்தைக் கமெரா காட்டமாட்டாது, ஆதலின் உரையாடல் மிகும். எண்ணற்ற பாத்திரங்களை நடிகர்களால் நிரப்ப இயலாது, ஆதலின் இணைப்புகள் நிகழும் என்பன உண்மையே. லூக்காச்சின் வேறுபாட்டினை இயந்திரப் பாங்காகப் பிரயோகித்து, தொடர் நாடகத்தின்பாற் படுவதால் அது இவ்வாறே அமையும் என முடித்துவிடுவது எளிது. ஆனால் 73 அங்கங்கள் கொண்ட தொடரொன்று இரண்டரை மணிநேர நாடகமன்று. இதே எச்.பி.ஓ. நிறுவனம் 2002 தொடக்கம் 2008 வரை ஒளிபரப்பிய 'த வயர்', போல்ற்றிமோர் நகரத்தின் துறைமுகம், பாடசாலை, நகராட்சி, பத்திரிகை எனப் பருவத்துக்கொரு நிறுவனமாக எடுத்து ஒரு நகரத்தின் முழுமையையே காட்டிற்று. அதற்கு டிராகன்கள் தேவைப்படவில்லை. பெரும் பார்வையாளர் தொகையும் கிட்டவில்லை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல் எழுதிய தொலைக்காட்சி பற்றிய நூலில் வலியுறுத்தியது போல, தொழில்நுட்பம் தன்னளவில் எதனையும் நிர்ணயிப்பதில்லை. அது எந்நோக்கங்களுக்காக, எந்நிறுவனங்களாற் கையாளப்படுகின்றது என்பதே முக்கியம்.

'கேம் ஒஃப் துரோன்ஸ்' சந்தாப் பணத்தில் இயங்கும் நிறுவனமொன்றின் உலகளாவிய பண்டம். முதற் பருவத்திற் பணமின்மையால், டிரியன் பங்குகொள்ளும் போரொன்றினை, அவன் தலையில் அடிபட்டு மயங்குவதாகக் காட்டித் தவிர்த்தனர். இறுதிப் பருவத்தில் அங்கமொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லியன் டொலர் செலவானதாகச் செய்திகள் கூறின. பணம் பெருகப் பெருக, சமூகம் விரியும் என எதிர்பார்ப்போம். நிகழ்ந்தது மறுதலை. வெடிப்புகளும் டிராகன்களும் வளர்ந்தன. அங்கங்களின் தொகை பத்திலிருந்து ஏழாகவும் ஆறாகவும் குறைந்தது. கொல்லனும் துறவியும் சமையற்காரியும் அகன்றனர். தொடரின் உட்புறக் காட்சிகள் பல, டைட்டானிக்கைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் நகரக் கப்பற்றளத்தில், கப்பற் பகுதிகளுக்கு நிறம் தீட்டிய பெருங்கூடத்திற் படமாக்கப்பட்டன. கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்திருந்த கூடம் அரச குலங்களின் கனவுக்கு அரங்காயிற்று. இத்தொடரின் பொருளியலைப் பற்றி எவரேனும் விரிவாக ஆராய விரும்பின் அக்கூடத்திலிருந்து தொடங்கலாம்.

மறுபுறச் சான்றும் உண்டு. முதற் பருவத்தில் அரசன் ரொபேர்ட்டும் செர்சியும் தமது தோல்வியுற்ற மணவாழ்வு பற்றி உரையாடும் காட்சி நூலில் இல்லை. நோக்குநர் முறைக்குக் கட்டுப்பட்ட நாவலால் அவர்களிருவரையும் தனித்திருக்கக் காட்ட இயலாது. அங்கு தொலைக்காட்சி நாவலை விஞ்சுகின்றது. மார்ட்டினின் 2018 ஆம் ஆண்டு நூலான 'ஃபயர் அண்ட் பிளட்', ஒன்றுக்கொன்று முரணான சான்றுகளைக் கொண்டு எழுதப்பட்ட வரலாறு போன்ற பாவனையுடையது. அதனைத் தழுவி 2022 இல் தொடங்கிய 'ஹவுஸ் ஒஃப் த டிராகன்' பல சான்றுகளுள் ஒன்றை உண்மையெனத் தேர்ந்து காட்ட நேர்ந்தமை இழப்பே. ஆயினும் 2024 இல் வந்த அதன் இரண்டாம் பருவம், முற்றுகையால் உணவற்ற நகரத்தில் ஹியூ என்னும் ஒரு கொல்லனின் குடும்பத்தைக் காட்டிற்று. முன்னைய தொடரின் மீது எழுந்த விமர்சனங்கள் செவிமடுக்கப்பட்டனவோ என எண்ணத் தோன்றுகின்றது.

'கேம் ஒஃப் துரோன்ஸ்' இறுதியங்கத்திற் பிரபுக்கள் கூடி அடுத்த அரசனைத் தெரிவு செய்கின்றனர். சாம்வெல் என்னும் அறிஞன், அரசனைத் தெரியும் உரிமை மக்கள் யாவர்க்கும் இருத்தல் கூடாதா எனத் தயக்கத்துடன் வினவுகின்றான். சபை நகைக்கின்றது. அந்நகைப்பு பிரபுக்களின் வர்க்க இயல்புக்குப் பொருத்தமானதே. எழுதியோர் அதனை அறிந்தே எழுதியுள்ளனர். எனினும், அம்மக்களை இடையிலேயே கதையிலிருந்து அகற்றிவிட்ட தொடர், அச்சபையோடு சேர்ந்து நகைக்கின்றதா, அதனைப் பார்த்து நகைக்கின்றதா என்பதை யான் மூன்று முறை பார்த்தும் துணிய முடியவில்லை.

நாவல்களோ முடியவில்லை. 2011 இல் ஐந்தாம் நூல் வெளிவந்தபின் இக்கட்டுரை எழுதப்படும் வரையில் அடுத்த நூல் வெளிவரவில்லை. அடிமை நகரத்தின் சிக்கல்களைத் தாம் முடிச்சு எனக் குறிப்பிட்ட ஆசிரியர், அம்முடிச்சிலேயே பல்லாண்டுகளைக் கழித்தார். இதனைச் சோம்பல் என்பர் இரசிகர். ஒலிவ் தோப்புகளையும் களஞ்சியக் கணக்குகளையும் கடன்களையும் எலும்பு சுமந்து நடப்போரையும் ஒருமுறை உள்ளே அனுமதித்துவிட்ட கதையினை, அரியணையில் எவரையேனும் அமர்த்தி மூடிவிட முடியாது. தொடர் அவர்களை வெளியேற்றிவிட்டு உரிய காலத்தில் முடிந்தது. நாவலாசிரியர் அவர்களோடு இன்னும் வீதியில் நிற்கின்றார்.